மூன்றாம் வருடப் பிரெஞ்சு

லூயிஸ்டன், மெய்ன்
6 மார்ச் 1994

அன்புள்ள தெரேஸ் அக்காவுக்கு,

தம்பி ரோலான் எழுதுவது. நானும் டோரிஸும் மகள் மரியெலும் சுகம். நீ சுகமாக இருப்பதைக் கிறிஸ்துமஸ் அட்டையில் இருந்த ஒன்றரை வரியிலிருந்து தெரிந்துகொண்டோம். அம்மாவை அடக்கம் செய்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நீ இந்தப் பக்கம் வரவேயில்லை. குறை சொல்ல உட்காரவில்லை, பேனா தானாக எழுதிவிட்டது.

இங்கே பனி இன்னும் முழங்காலளவு கிடக்கிறது. தினமும் நாலு வீட்டில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் நின்றுபோகிறது. கரியும் எண்ணெயுமாக வீடு திரும்புகிறேன். வேலைக்குக் குறைவில்லை.

விஷயம் மரியெலைப் பற்றியது. பத்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். அடுத்த வருடம் என்னென்ன பாடம் எடுப்பது என்று பள்ளியில் கொடுத்த பாரம் ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. கணக்கிலும் அறிவியலிலும் தகராறில்லை, மொழியில்தான் நிற்கிறது. இரண்டு வருடம் பிரெஞ்சு படித்தவள் இப்போது அதை விட்டுவிட்டு லத்தீனுக்கு மாறுகிறேன் என்கிறாள். பெரிய கல்லூரிகளுக்கு மனுப்போட அவளுக்கு ஆசை. பள்ளி ஆலோசகர் மிஸஸ் ஹாஸ்கெல் சொன்னாராம்: "பூஷார்னு பேர வெச்சுக்கிட்டு பிரெஞ்சு எடுத்தா, வீட்டுல பேசற பாஷைல சுலபமா மார்க் வாங்கிட்டானு நெனைப்பாங்கம்மா. லத்தீன்னா ஒரு தனி மதிப்பு."

நான் ஏதாவது சொன்னால், "டெரி அத்தை லத்தீன் படிச்சுத்தானே ஸ்காலர்ஷிப் வாங்கினாங்க" என்று உன்னைச் சாட்சிக்கு இழுக்கிறாள்.

நீ இருபது வருடமாக ஒரு பெரிய கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த மனுக்களைப் படிக்கிறவள். உள்ளதை எழுது. ஏப்ரல் விடுமுறைக்கு முன்னால் பாரத்தைக் கொடுத்தாக வேண்டும்.

டோரிஸ் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
ரோலான்


பென்சில்வேனியா
14 மார்ச் 1994

அன்புத் தம்பி ரோலானுக்கு,

நீ பிரெஞ்சில் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. வழக்கம்போல நான் இங்கிலீஷில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் அலுவலகத்துக்காரியாகச் சொல்கிறேன். எங்களைப் போன்ற கல்லூரிகள் ஒரே மொழியை மூன்று வருடமாவது படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன, நாலு என்றால் இன்னும் நல்லது. இது உயர்ந்தது, அது தாழ்ந்தது என்று மொழிகளில் தரவரிசை எதுவும் கிடையாது. இரண்டு வருடம் பிரெஞ்சு, இரண்டு வருடம் லத்தீன் என்று வந்தால், இரண்டிலும் பாதி வழியில் நின்றவள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். பள்ளியில் எந்த மட்டம் வரை சொல்லித்தருகிறார்களோ அந்த மட்டம் வரை ஏறுவதைத்தான் பார்ப்போம். ஆகவே மூன்றாம் வருடப் பிரெஞ்சும் நாலாம் வருடப் பிரெஞ்சும் அவள் எடுக்க வேண்டும். வீட்டு மொழி என்பதற்காக யாரும் எதையும் குறைத்துக்கொள்வதில்லை. மிஸஸ் ஹாஸ்கெல் சொன்னது தவறு.

இனி அத்தையாக ஒன்று. என்னை உதாரணம் காட்ட வேண்டாம் என்று அவளிடம் சொல். நான் லத்தீன் எடுத்ததற்குக் காரணம் வேறு.

சில நேரம் நாம் குடியிருந்த அந்த நாலு மாடி வீட்டின் மரப்படிகள் கனவில் வருகின்றன. மூன்றாம் மாடியில் அம்மா துணி காயப்போடும்போது கொடிக்கயிற்றை இழுக்கும் சக்கரம் கிறீச்சிடுமே, அந்தச் சத்தம்கூடக் கேட்கிறது. இங்கே துணி காயப்போடுகிறவர்கள் யாருமில்லை.

அன்புடன்,
டெரி


லூயிஸ்டன்
17 ஏப்ரல் 1994

அன்புள்ள தெரேஸ் அக்காவுக்கு,

உன் கடிதத்தை மரியெலுக்குப் படித்துக் காட்டினேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "அத்தை அங்க உக்காந்துட்டு சொல்றாங்க. வகுப்புல உக்கார்றது நான்தானே" என்றாள். அன்றைக்குத்தான் உண்மைக் காரணம் வெளியே வந்தது. கல்லூரியும் இல்லை, மிஸஸ் ஹாஸ்கெலும் இல்லை.

எல்லைக்கு வடக்கேயிருந்து மில் வேலைக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் நாம், காரை 'ஷார்' என்றுதானே சொல்வோம். வகுப்பில் அவள் "அப்பா ஷார்ல வேலைக்குப் போறார்" என்று வாக்கியம் எழுதியிருக்கிறாள். ஆசிரியை மிஸஸ் கார்வர் சிவப்பு மையில் சுழித்து, "ஷார்னா மாட்டு வண்டி. நாம படிக்கிறது பாரிஸ் பிரெஞ்சு, மில் பிரெஞ்சு இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? இரண்டு மாதமாக அவளைப் பார்த்ததும், "உங்கப்பா மாட்டுக்குப் புல்லு போட்டாச்சா?" என்று கேட்கிறார்களாம்.

"அப்பா, என் ஃப்ரெண்ட்ஸ் வந்தா தயவுசெஞ்சு பிரெஞ்சுல பேசாதீங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாரத்தில் லத்தீன் என்று எழுதிப் பெற்றோர் கையெழுத்துக்கு நீட்டினாள். போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட் கடைசி வரை மாற்றிக்கொள்ளலாமாம். அவள் மாற்றமாட்டாள்.

அன்றிலிருந்து மனம் சரியில்லை. அதனால் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கல்லூரிக்குப் போனதிலிருந்து அம்மாவுக்கு இங்கிலீஷில்தான் எழுதினாய். அதையெல்லாம் அவளுக்குப் பிரெஞ்சில் படித்துக் காட்டியது நான். நீ ஒரு பக்கம் எழுதினால் நான் ஒன்றரைப் பக்கம் படித்தேன். "பரீட்சை இருக்கிறது, ஈஸ்டருக்கு வர முடியாது" என்று நீ எழுதினால், "ஈஸ்டருக்கு வர முடியாதது எனக்கு அழுகையாக வருகிறது, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது" என்று நான் படிப்பேன். ஒரு தடவை அம்மா, "அந்த முழங்கால் விஷயத்தை இன்னொரு வாட்டி படிடா" என்றாள். முதலில் என்ன சொன்னேன் என்று எனக்கு மறந்துபோய்விட்டது, வேறு மாதிரி சொன்னேன். அவள் சிரித்தாள். "ரெண்டாவது வாட்டி இன்னும் நல்லா எழுதியிருக்கா" என்றாள்.

உன் மேல் பழி போடவில்லை. இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்தது, சொல்லிவிட்டேன்.

ரோலான்


பென்சில்வேனியா
29 மே 1994

அன்புத் தம்பி ரோலானுக்கு,

ஆறு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இது ஐந்தாவது. இதை அனுப்பிவிடுவேன்.

1958 செப்டம்பர். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் எட்டாவது முடித்து, இரண்டு வருடம் அம்மாவுக்குத் துணையாக வீட்டிலிருந்துவிட்டு, ஹைஸ்கூலில் சேர்ந்தேன். எனக்குப் பதினாறு வயது, உனக்குப் பதினொன்று. எட்டு வருடம் பாதி நாள் பிரெஞ்சிலேயே படித்தவள் நான். சரித்திரம், வேதம், இலக்கணம் எல்லாம் பிரெஞ்சில்தான். அதனால் நேரே மூன்றாம் வருடப் பிரெஞ்சில் போடுவார்கள் என்று நினைத்தேன். மிஸ் ஆல்டன் என்னை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். இரண்டு வரி கேட்டார். "இத மறக்கறதுக்கே உனக்கு ஒரு வருஷம் வேணும்" என்று சொல்லி, ஏபிசி கற்கிற முதல் வருடத்தில் போட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் மில்லில் ஷிஃப்ட் முடிந்ததும், எனக்குச் சொல்லாமல் அம்மா பள்ளிக்கு வந்துவிட்டாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மில் உடுப்பின் மேலேயே போட்டிருந்தாள். மிஸ் ஆல்டன் முன்னால் நின்று பிரெஞ்சில் நிதானமாகப் பேசினாள். என் மகளின் நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு தடவை பாருங்கள் என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மிஸ் ஆல்டன் என்னைப் பார்த்து, "என்ன சொல்றாங்க?" என்றார்.

ரோலான், நான் சொன்னேன், "எனக்கும் புரியல, மிஸ்."

அம்மா நோட்டுகளைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாளே நான் பிரெஞ்சை விட்டு லத்தீன் எடுத்தேன். லத்தீனில் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. அதைப் பேசியவர்கள் எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள்.

அம்மாவுக்கு ஏன் இங்கிலீஷில் எழுதினேன் என்று நீ கேட்கவில்லை, ஆனால் நீ கேட்டது எனக்குக் கேட்டது. பிரெஞ்சில் பேனாவை எடுத்தால் அந்த அறை வந்து நின்றுவிடும்.

போன கடிதத்தில் ஒரு பொய்யும் எழுதினேன். வீட்டு மொழி என்பதற்காக யாரும் குறைத்துக்கொள்வதில்லை என்றேன். விதியில் அப்படி இல்லைதான். ஆனால் சேர்க்கைக் கமிட்டி மேஜையில், "வீட்டுல பேசறதுதானே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

மரியெலுக்குக் கொடுப்பதானால் கொடு. நீ பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

டெரி


லூயிஸ்டன்
3 ஜூலை 1994

அக்கா,

பத்து நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். கொதிகலனுக்கு அடியில் படுத்துக்கொண்டு உன்னோடு சண்டை போட்டேன். டோரிஸ் கடிதத்தைப் படித்துவிட்டு, "அவங்களுக்கு அப்ப பதினாறு வயசு. நம்ம வீட்டுல ஒண்ணு அதே வயசுல இருக்கு, அத முதல்ல பாருங்க" என்றாள். அப்புறம்தான் மரியெலிடம் கடிதத்தைக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் பாதிதான் தெரியும். அம்மா வந்து கோட்டைக் கழற்றி மாட்டினாள். "என்னம்மா ஆச்சு?" என்றேன். "டீச்சருக்கு நம்ம பேச்சு புரியலடா. தெரேஸ் பாவம், நடுங்கிப்போயிட்டா. நான் போயிருக்கக் கூடாது" என்றாள். அவ்வளவுதான். நீ சொன்னதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. இங்கிலீஷ் மேஸ்திரியிடம் வருடக்கணக்காக வேலை பார்த்தவள், 'புரியவில்லை' என்ற சொல் புரியாதவளா?

அதற்கு அடுத்தது உனக்குத் தெரியாது. நீ லத்தீன் எடுத்தாய் என்று தெரிந்ததும் மில் முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்போது கோயிலில் பூசை லத்தீனில்தானே. "எம்பொண்ணு பூசை பாஷை படிக்கிறா. இனிமே ஃபாதர் தப்பா சொன்னா அவ கண்டுபிடிச்சிடுவா" என்று படிக்கட்டில் நின்று ஒவ்வொரு மாடிக்காரியிடமும் சொன்னாள். மாடி வீட்டு மதாம் போல்துக்கைக் கேள், எண்பத்திரண்டு வயதிலும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். அம்மாவுக்கு வலித்திருக்கும். இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்றமாட்டேன். ஆனால் அவளிடம் அது மட்டுமே இருந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி சனிக்கிழமை, கோயில் கூடத்தில் அவரைக்கொட்டை விருந்து. அடுப்பில் ராத்திரி முழுக்க வெந்த அவரைக்கொட்டையும் கறுப்பு ரொட்டியும் உண்டு. வா. வர முடியாது என்று எழுதினால், நான் வேறு மாதிரி படித்துக்கொள்ள மாட்டேன், அப்படியே நம்பிவிடுவேன்.

ரோலான்


லூயிஸ்டன்
6 செப்டம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. உன் குடையை இங்கேயே விட்டுவிட்டாய். டோரிஸ் எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த தடவை வந்து வாங்கிக்கொள்ளலாம், தபாலில் அனுப்பமாட்டாளாம்.

கூடத்தில் நீ முதல் ஒரு மணி நேரம் இங்கிலீஷிலேயே ஒட்டிக்கொண்டிருந்தாய். மதாம் போல்துக் வந்து உன் கன்னத்தைக் கிள்ளி, "ஏண்டி தெரேஸ், நாக்க எங்க வெச்சுட்டு வந்த?" என்று கேட்டாளே, அப்புறம்தான் உன் வாய் திறந்தது. ரொட்டி கேட்கப் போய் நீ வேறு எதையோ கேட்டு மேஜையே சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு நிறுத்தவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரியெல் சாப்பிடாமல் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ கிளம்பிய திங்கட்கிழமை அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் வந்து, "லத்தீன அடிச்சுட்டேன். பிரெஞ்சு மூணு போட்டுட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள். மிஸஸ் கார்வர்தான் இந்த வருடமும் எடுக்கிறாராம். முதல் கட்டுரையில் 'ஷார்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பாரிஸ்காரர்களுக்கு வேறு சொல் என்று போட்டுக் கொடுத்திருக்கிறாள். சிவப்பு மை வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். ஆனால் பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் இருந்ததாம்.

அன்புடன்,
ரோலான்


பென்சில்வேனியா
10 மார்ச் 1996

அன்புத் தம்பிக்கு,

இன்னும் இங்கிலீஷில்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் பேச வருகிறது. கை மட்டும் பிரெஞ்சுக்கு வர மறுக்கிறது. இந்த வயதில் அதை அடித்துப் பணியவைக்க முடியாது.

மரியெல் எங்கள் கல்லூரிக்கு மனுப்போடாதது நல்லது. போட்டிருந்தால், அத்தை என்பதால் கமிட்டி அறையை விட்டு நான் வெளியே போயிருக்க வேண்டும்.

இந்த வாரம் கமிட்டி. டெக்சாஸ் எல்லைப்புறத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணின் மனு. வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவள், பள்ளியிலும் நாலு வருடம் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள். எதிரில் இருந்தவர் பேப்பரைத் தள்ளி வைத்து, "வீட்டுப் பாஷை. சும்மா கெடச்ச மார்க்கு" என்றார். மற்றவர்களின் தலைகள் ஆடத் தொடங்கின.

நான் சொன்னேன்: "எங்க வீட்டுல பிரெஞ்சு. ஹைஸ்கூல்ல அத எடுக்க எனக்கு பயம். ஓடிப்போயி லத்தீன் எடுத்தேன். அது சுலபமா இருந்துச்சு. இந்தப் பொண்ணு ஓடல."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "டெரி, நீங்க பிரெஞ்சா? உங்க இங்கிலீஷ் பேர்ல தெரியவே இல்ல. இருபத்திரண்டு வருஷமா சொல்லவே இல்லையே." யாரும் கேட்கவில்லை என்றேன். பிறகு, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு ஓட்டு வித்தியாசத்தில் இடம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். மரியெலுக்கு என்ன பதில் வந்தாலும் உடனே எழுது.

தெரேஸ்


லூயிஸ்டன்
14 ஏப்ரல் 1996

அன்புள்ள தெரேஸ் அக்காவுக்கு,

பதில்கள் வந்துவிட்டன. ஐந்து இடத்துக்குப் போட்டாள். மூன்று இடத்தில் இல்லை என்றார்கள், அவள் முதலாவதாக ஆசைப்பட்டதும் அதில் ஒன்று. இரண்டில் கிடைத்தது. வெர்மாண்டில் இருக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

மிஸஸ் கார்வர் கடைசி வரை பி கிரேடுக்கு மேல் கொடுக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் ஏ. இரண்டு வருடத்து அந்த பி-தான் அந்த மூன்று இடத்திலும் இடித்ததோ என்று எனக்கு ஒரு எண்ணம். லத்தீனே எடுத்திருந்தால் என்று ஒரு நாள் வாய் விட்டுச் சொல்லியும்விட்டேன். "அப்பா, அத விடுங்க" என்றாள். முதல் கடிதம் வந்த நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மூன்றாவது வந்தபோது சாப்பிட்டுவிட்டுத்தான் பிரித்தாள்.

இப்போது சிநேகிதிகள் வந்தால் அவளே என்னைப் பிரெஞ்சில் கூப்பிடுகிறாள். நான்தான் கூச்சத்தில் இங்கிலீஷில் பதில் சொல்லித் தொலைக்கிறேன்.

ஒரு விஷயத்தை இரண்டு வருடமாக உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். எழுதினால் வருத்தப்படுவாயோ என்று பயம். போன மாதம் நீ கமிட்டியில் பேசியதைப் படித்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. அந்த ஆகஸ்ட் மாதம் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, காரில் மரியெல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் சொன்னாள்:

"அத்தை இங்கிலீஷ் பேசறப்ப பெரிய ஆபீசர் மாதிரி இருக்காங்கப்பா. பிரெஞ்சு பேசறப்ப என் வயசுப் பொண்ணு மாதிரி இருக்காங்க. இப்ப யாருமே சொல்லாத வார்த்தையெல்லாம் சொல்றாங்க. கிண்டல் பண்றாங்க, கோவிச்சுக்கறாங்க. கடுதாசில வந்த அந்தப் பொண்ணு அங்கயே நின்னுட்டிருக்கா போல."

கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு அவளப் பிடிச்சிருக்குப்பா. எங்க வகுப்புல இருந்திருந்தா அவ பக்கத்துல போய் உக்காந்திருப்பேன்."

என்றும் உன் தம்பி,
ரோலான்